லூமனைப் பார்த்து லைட் வாங்காதீங்க!

நம்ம காலேஜ் பசங்க பாண்டிச்சேரிக்கும் அந்தமானுக்கும் ஸ்கூபா டைவிங் போவது இப்போது பெரிய அதிசயம் இல்லை. செமஸ்டர் லீவு வந்தால் போதும், வாட்ஸ்அப் குரூப்பில் பிளான் ஓட ஆரம்பித்துவிடும். முதல் டைவில் டைவ் சென்டர்காரர்களே வீடியோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கோர்ஸ் முடித்து அடுத்த முறை போகும்போது ஆக்‌ஷன் கேமரா நம்ம கையில் இருக்கும். மேலே வந்து போட்டுப் பார்த்தால் எல்லாமே பச்சை, இல்லாவிட்டால் நீலம். சிவப்பு மீன் சாம்பல் கலர்ல இருக்கு. நண்பன் முகம் பேய் மாதிரி இருக்கு. உடனே ஆன்லைனில் அடுத்த தேடல்: விலை குறைந்த அண்டர்வாட்டர் வீடியோ லைட்.

அந்தத் தேடலில் நிற்கிற உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். விலை குறைந்த லைட் வாங்குவதில் தப்பே இல்லை. மாணவர்கள் கையில் இருக்கிற காசுக்கு அதுதான் சரியும்கூட. ஆனால் பெட்டி மேல் பெரிசாக அச்சடித்திருக்கிற லூமன் எண்ணைப் பார்த்து வாங்குவது இன்ஜினியரிங் படிக்கிற ஒருத்தர் செய்யக் கூடாத வேலை. நாலு வருஷம் பவர், எனர்ஜி, எஃபிஷியன்சி என்று எழுதித் தள்ளிவிட்டு, பர்ஸைத் திறக்கும்போது மட்டும் அதையெல்லாம் மறந்துடறோம்.

முதல்ல ஒரு கணக்கு

விளம்பரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12,000 லூமன், 2 மணி நேரம் எரியும், உள்ளே இரண்டு 18650 பேட்டரி. விலை ஒரு நல்ல ஷூ விலை. வாங்கலாமா?

பேப்பரை எடுங்க. ஒரு நல்ல 18650 செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, கொள்ளளவு சுமார் 3.5 ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 12.6 வாட்-ஹவர். இரண்டு செல்லுக்கு 25.2 வாட்-ஹவர். இதுதான் உங்க டேங்கில் இருக்கிற மொத்த பெட்ரோல்.

எல்.இ.டி., டிரைவர், கண்ணாடி என எல்லா இழப்பும் போக, ஒரு வாட்டுக்கு 120 லூமன் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது தாராளமான மதிப்புதான். 25.2-ஐ 120-ஆல் பெருக்கினால் சுமார் 3,000 லூமன்-ஹவர். அதாவது 3,000 லூமன் ஒரு மணி நேரம் வரும், இல்லாவிட்டால் 1,500 லூமன் இரண்டு மணி நேரம் வரும். விளம்பரம் சொல்வதோ 12,000 பெருக்கல் 2, அதாவது 24,000 லூமன்-ஹவர். எட்டு மடங்கு!

"டெக்னாலஜி வளர்ந்திருக்கும் மச்சி" என்று ஒருத்தர் சொல்லலாம். சரி, அதையும் பார்த்துடுவோம். மனிதக் கண்ணுக்கு அதிகம் பிரகாசமாகத் தெரியும் 555 நானோமீட்டர் பச்சை ஒளியில், ஒரு துளிகூட இழப்பு இல்லாத ஒரு விளக்கு இருந்தால், ஒரு வாட்டுக்கு 683 லூமன் கிடைக்கும். அதுதான் உச்சவரம்பு, அதற்கு மேல் போக வழியே கிடையாது. அந்தக் கற்பனை விளக்கை வைத்தால்கூட 25.2 வாட்-ஹவருக்கு சுமார் 17,200 லூமன்-ஹவர்தான் வரும். விளம்பரத்தின் 24,000 அதையும் தாண்டி நிற்கிறது. எந்த டெக்னாலஜி வளர்ந்தாலும் இது நடக்காது.

இந்தக் கணக்குக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. எந்த லைட்டைப் பார்த்தாலும் முதலில் இதைப் போடுங்க. லூமனையும் எரியும் நேரத்தையும் பெருக்குங்க. பேட்டரியின் வாட்-ஹவரால் வகுங்க. விடை 80-லிருந்து 130-க்குள் இருந்தால் நம்பலாம். 200-க்கு மேல் போனால் யாரோ பொய் சொல்கிறார்கள். லூமனில் பொய்யா, நேரத்தில் பொய்யா என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி.

ஒரு சின்ன எச்சரிக்கை. டார்ச்சுகளுக்கு ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்-1 என்று ஒரு அளவீட்டு முறை இருக்கிறது. அதன்படி எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரைக்கும். அதனால் நேர்மையான கம்பெனி போட்டிருக்கும் நேரம்கூட முழு வெளிச்சத்துக்கான நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரத்துக்கு எதிராக வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று கிராஃப் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்க. கிராஃப் கொடுக்கிற கம்பெனிக்கு என் மனசில் தனி மரியாதை உண்டு.

சிவப்பு எங்கே காணாமல் போகுது?

லைட் எதற்கு என்று தெரியாமல் லைட் வாங்குவதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கடலுக்கடியில் பகலில் நமக்குப் பிரச்சினை இருட்டு கிடையாது. நிறம்தான் பிரச்சினை.

தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. சுத்தமான தண்ணீரில் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி 5 மீட்டர் பயணம் செய்தால் 18 சதவீதம்தான் மிஞ்சும். 10 மீட்டரில் 3 சதவீதம். அதே 10 மீட்டரில் 450 நானோமீட்டர் நீலம் 90 சதவீதம் போல அப்படியே இருக்கும். அதனால்தான் சூரியன் மேலே சுட்டெரித்தாலும் கீழே எல்லாம் நீலமாகத் தெரிகிறது. கேமராவில் குறை ஒன்றும் இல்லை.

வீடியோ லைட்டின் வேலை, மேலே தொலைந்துபோன அந்தச் சிவப்பைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது. ஆனால் லைட்டிலிருந்து கிளம்பும் சிவப்புக்கும் அதே தண்ணீர்தான், அதே விதிதான். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பவளத்துக்கு ஒளி போய்த் திரும்பி கேமராவுக்கு வர மொத்தம் 2 மீட்டர். அதற்குள்ளேயே சிவப்பில் பாதி காலி. இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 4 மீட்டர், மிஞ்சுவது கால்வாசி. இது ஆய்வகத்துச் சுத்த நீருக்கான கணக்கு. நம்ம கரையோரத் தண்ணீரில் மண்ணும் மிதவை உயிர்களும் கலந்திருக்கும், அங்கே நிலைமை இன்னும் மோசம்.

கிட்டே போங்க, காசு மிச்சம்

மேலே சொன்ன உறிஞ்சலோடு தூரத்தின் வர்க்க விதியையும் சேருங்க. தூரம் இரண்டு மடங்கானால் பொருளின் மேல் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். பிளஸ் டூவிலேயே படித்ததுதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால், ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போகும்போது சிவப்பு எட்டில் ஒரு பங்காக விழுந்துவிடும்.

இதையே திருப்பிப் பாருங்க. ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கிட்டே போனால் சிவப்பு சுமார் 5.6 மடங்கு கூடும். அதாவது உங்க கையில் இருக்கும் 1,000 லூமன் லைட்டை அரை மீட்டரில் பிடித்தால், பக்கத்து ஆள் 5,000 லூமன் லைட்டை ஒரு மீட்டரில் பிடிப்பதைவிட அதிகச் சிவப்பு கிடைக்கும். ஐந்து மடங்கு லைட்டுக்குச் செலவழிக்கும் காசை, அரை மீட்டர் நகர்வது மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

ஆனால் அந்த அரை மீட்டர் சும்மா கிடைக்காது. பவளத்தின் மேல் விழாமல், துடுப்பால் மணலைக் கிளப்பாமல், ஒரே இடத்தில் மிதந்து நிற்கத் தெரிந்தால்தான் கிட்டே போக முடியும். டைவிங்கில் இதற்கு பாயன்சி கன்ட்ரோல் என்று பெயர். நாலு டைவ் செய்தவருக்கு இது வராது. அதனால் உங்க மொத்த டைவ் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை என்றால், லைட் வாங்க வைத்திருக்கும் காசில் இன்னும் இரண்டு டைவ் போங்க. வீடியோ லைட்டைவிட அது அதிகம் உதவும். பயிற்சி சமயத்தில் இன்ஸ்ட்ரக்டர் கேமராவையே வைத்துவிட்டு வரச் சொன்னால் கோபப்படாதீங்க, அவர் சொல்வது நியாயம். கையில் லைட், கேமரா, ட்ரே என்று இருக்கும்போது காற்று அளவைப் பார்க்கவும் கூட வரும் துணையைக் கவனிக்கவும் மறந்துபோகும்.

எல்லா டைவுக்கும் லைட் தேவையா?

தேவையில்லை. 5, 6 மீட்டர் ஆழத்தில், நடுப்பகலில், தெளிந்த தண்ணீரில் சின்ன லைட்டை வைத்துப் பெரிசாக ஒன்றும் நடக்காது. கடல்மட்டத்தில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். 2,000 லூமன் லைட் 120 டிகிரிக்குப் பரப்பினால் ஒரு மீட்டரில் கிடைப்பது 640 லக்ஸ் போலத்தான். அந்த ஆழத்தில் வெயிலோடு போட்டி போட அதற்குத் தெம்பு கிடையாது. அங்கே கேமரா முன்னால் மாட்டும் சிவப்பு ஃபில்டரோ, ஒயிட் பேலன்ஸ் மாற்றமோ போதும். அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

12, 15 மீட்டருக்குக் கீழே, பாறை இடுக்கில், மூழ்கிய கப்பலின் நிழலில், மாலை நேரத்தில், இரவு டைவில், நண்டு, கடல் நத்தை மாதிரி சின்ன உயிர்களைக் கிட்டத்தில் எடுக்கும்போது லைட் உண்மையிலேயே வேலை செய்யும். நீங்க எடுக்கப்போவது இதில் எது என்று முடிவு பண்ணிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

இரவு டைவ் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ லைட் பரந்து விரியும். அது வழி பார்க்கவும் துணைக்கு சிக்னல் காட்டவும் சரிப்படாது. இரவு டைவுக்குக் குறுகிய கற்றை உள்ள முக்கிய டார்ச் ஒன்றும், அவசரத்துக்கு இன்னொரு சின்ன டார்ச்சும் தனியாக வேணும். "வீடியோ லைட்தான் இருக்கே" என்று அவற்றை விட்டுவிட்டுப் போகாதீங்க.

அப்போ எதைப் பார்த்து வாங்கறது?

என் வரிசை இது. லூமன் இதில் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

முதலாவது, ஆழமும் சீலும். பெட்டியில் ஐபி68 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து டைவ் போகாதீங்க. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடினமான சோதனை, ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பது தயாரிப்பாளர் சொல்வதுதான். எனவே மீட்டரில் எழுதியிருக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள முன் கண்ணாடியின் மேல் சுமார் 60 கிலோ எடை அழுத்தும். ஒரு ஆள் அதன் மேல் ஏறி நிற்பதுபோல. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். லைட்டில் 60 மீட்டருக்குக் குறையாமல் போட்டிருப்பதை எடுங்க, அந்த இடைவெளி பாதுகாப்புக்கு.

மூடியில் இரட்டை ஓ-ரிங் இருந்தால் நல்லது. ஸ்விட்ச் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகாமல், வெளியே நகரும் காந்தத்தால் உள்ளே இயங்கும் வகையாக இருந்தால் கசியும் வழி ஒன்று குறையும். உதிரி ஓ-ரிங் கூட வருகிறதா என்று கேளுங்க. வாரண்டியில் தண்ணீர் புகுந்தால் என்ன என்று எழுதியிருப்பதையும் படிச்சுடுங்க.

இரண்டாவது, சி.ஆர்.ஐ. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி. மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மலிவான கூல் ஒயிட் எல்.இ.டி.யின் சி.ஆர்.ஐ. 70 போல இருக்கும், அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. யோசிச்சுப் பாருங்க. சிவப்பு இல்லை என்றுதானே லைட் வாங்கப் போனோம்? சிவப்பே இல்லாத லைட்டை வாங்கிக்கொண்டு வந்தால் என்ன பிரயோஜனம்? சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல், நிற வெப்பநிலை 5,000 முதல் 5,700 கெல்வினுக்குள் இருப்பதைத் தேடுங்க. இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. சிவப்பு அதிகமுள்ள எல்.இ.டி. அதே வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான லூமன்தான் தரும். எனவே நல்ல லைட் செய்கிறவரின் பெட்டியில் எண் சின்னதாக இருக்கும். நாம் எண்ணை மட்டும் பார்த்தால் நல்லவரைத் தண்டித்து, ஏமாற்றுகிறவருக்குப் பரிசு கொடுக்கிறோம்.

மூன்றாவது, கற்றையின் கோணம். வீடியோவுக்கு நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் சீராகப் பரவும் ஒளி வேணும். விளம்பரத்தில் போடும் 120 டிகிரி பெரும்பாலும் காற்றில் அளந்தது. முன்னால் தட்டைக் கண்ணாடி இருந்தால் ஸ்நெல் விதி உள்ளே புகுந்துவிடும். 60 டிகிரியின் சைன் மதிப்பை 1.33-ஆல் வகுத்துப் பாருங்க, கோணம் 40.6 டிகிரி ஆகும். ஆக, 120 டிகிரி தண்ணீருக்குள் 81 டிகிரிதான். தண்ணீரில் அளந்ததா என்று கேளுங்க. 10 டிகிரி ஸ்பாட் டார்ச்சை வீடியோவுக்கு வாங்காதீங்க. கடையில் சுவரில் அடித்தால் அதுதான் பிரமாதமாகத் தெரியும். தண்ணீரில் மீனின் நெற்றியில் மட்டும் வெள்ளை வட்டம் விழும்.

நான்காவது, டிரைவர். மலிவு லைட்டுகளில் வெளிச்சத்தைக் குறைக்க எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுவார்கள், நமக்குத் தெரிந்த பி.டபிள்யூ.எம். அதன் அதிர்வெண் குறைவாக இருந்தால் வீடியோ முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். கண்ணுக்குத் தெரியாது. போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா மோடிலும் வைத்து எடுத்துப் பாருங்க, முழு வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டு விட்டுடாதீங்க. ஒன்று, வெளியில் வைத்து முழு வெளிச்சத்தில் ரொம்ப நேரம் எரிய விடாதீங்க. இந்த லைட்டுகள் தண்ணீர் குளிர்விக்கும் என்று நம்பித்தான் செய்யப்பட்டவை.

ஐந்தாவதாகத்தான் லூமன். ஆரம்பிப்பவருக்கு, நேர்மையாக அளந்த 1,000 முதல் 2,000 லூமன் தாராளம். அரை மீட்டரில் வேலை செய்யும் ஆளுக்கு அது போதும். க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல்2 மாதிரி பிரபலமான ஒற்றை எல்.இ.டி.யே முழு மின்னோட்டத்தில் 1,000 லூமனைச் சுற்றித்தான் தரும். எனவே உள்ளே எத்தனை எல்.இ.டி. இருக்கு என்று எண்ணிப் பார்த்தாலே பொய் பாதி வெளியே வந்துடும்.

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

எங்கே வேண்டுமானாலும் காசு மிச்சம் பிடிங்க. இங்கே மட்டும் கூடாது. இதில் போவது வீடியோ கிடையாது, விரலும் கண்ணும்.

9,900 மில்லிஆம்பியர்-ஹவர் என்று அச்சடித்த 18650 செல் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளத்துக்குள் அவ்வளவு அடைக்க முடியாது. நம்பகமான செல்கள் 3,500 பக்கத்தில்தான் இருக்கும். கெமிஸ்ட்ரி லேபில் தராசு இருக்கே, எடை போட்டுப் பாருங்க. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் அந்தச் செல்லைச் சார்ஜரில் போடவே போடாதீங்க. நல்லது கெட்டது பிரிக்க இதைவிடச் சீப்பான சோதனை எனக்குத் தெரியாது.

லைட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் கடல்நீரும் மின்சாரமும் சேர்ந்து உள்ளே வாயு உண்டாகும். மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும். திறக்கும்போது மூடி தோட்டா மாதிரி பறக்கலாம். நனைந்த லைட்டை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீங்க, யாரும் இல்லாத பக்கம் திருப்பி மெதுவாகத் திறங்க. அந்தச் செல்லை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு உள்ள லைட் கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

அந்தமானுக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு: உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. 18650 செல் 100 வாட்-ஹவர் எல்லைக்குள் வெகு கீழே இருப்பதால் பிரச்சினை இல்லை. முனைகளை டேப் ஒட்டியோ தனிப் பெட்டியில் போட்டோ மூடி எடுத்துப் போங்க. லைட்டுக்குள் பேட்டரியை விட்டு வைக்காதீங்க, பைக்குள் தானாக எரிந்தால் துணியே பொசுங்கும். ஹாஸ்டலில் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுடுங்க.

வருகிற எதிர்ப்புகள்

"சாஃப்ட்வேர்ல கலர் கரெக்ஷன் பண்ணிக்கலாமே, லைட் எதுக்கு?" 6 மீட்டரில் சரி, பண்ணிக்கலாம். 20 மீட்டரில் கேமராவின் சிவப்பு சேனலில் கிட்டத்தட்ட ஒன்றுமே பதிவாகியிருக்காது. இல்லாத சிக்னலைப் பெருக்கினால் நாய்ஸ்தான் பெருகும். சிக்னல் ப்ராசஸிங் பேப்பர் எழுதினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"சீப்பா வாங்கினா எல்லாம் குப்பைதான், வாங்கினா பெரிய பிராண்ட் வாங்கு." இதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்காடார்ச், ஆர்க்கான், பிக்புளூ மாதிரி டைவ் லைட்டையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களில் ஆரம்ப நிலை மாடல்களும் இருக்கின்றன. கம்பெனி பெயரை நம்பச் சொல்லவில்லை, அதே கணக்கை அவர்கள் மேலும் போடுங்க. கணக்கில் பாஸ் ஆகும் சின்ன லைட், கணக்கில் ஃபெயில் ஆகும் பெரிய லைட்டைவிட எப்போதும் மேல்.

"நாமே செஞ்சுடலாமே, இன்ஜினியரிங் காலேஜ்தானே?" ஆசை எனக்கும் புரியுது. நீருக்கடி ரோபோ செய்யும் டீம்களுக்கு இது அருமையான வேலை. ரோபோவில் கசிந்தால் ஒரு போர்டு போகும். ஆனால் மனுஷன் கையில் பிடிக்கும் லித்தியம் பேட்டரிக் குழாயை, அழுத்தச் சோதனை செய்ய வசதி இல்லாமல் 25 மீட்டருக்குக் கொண்டுபோவது சரியில்லை. முதலில் ரோபோவில் மாட்டி நிரூபிங்க.

வாங்கியதும் செய்ய வேண்டியது

எந்த லைட்டாக இருந்தாலும் முதல் முறை பேட்டரி போடாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் சுருட்டி வைத்து மூடி, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போடுங்க. அது பாஸானால், பேட்டரி இல்லாமலே ஒரு டைவுக்கும் கொண்டு போங்க. வாளியில் அழுத்தம் இல்லை, கடலில்தான் உண்டு. ஓ-ரிங் மேல் ஒரு முடி, ஒரு மணல் துகள் இருந்தாலே கசியும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை மட்டும் மெல்லிசாகத் தடவுங்க. சில ரப்பருக்குச் சில கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும். டைவ் முடிந்ததும் மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, துடைத்துக் காய்ந்த பிறகு திறங்க.

லைட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைக்காதீங்க. மிதக்கும் தூசி எல்லாம் பனி பெய்வதுபோல் வீடியோவில் விழும். கையளவு தள்ளி வைத்து, கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்க.

கடைசியாக, அந்தக் கடலுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 2,000 லூமன் வெளிச்சத்தை ஒரு ஆக்டோபஸ் கண்ணில் இரண்டு நிமிஷம் அடிப்பது, தூங்குகிறவர் முகத்தில் ஹெட்லைட் அடிப்பது மாதிரி. சில வினாடி எடுங்க, திருப்புங்க, நகருங்க. நம்ம மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பவளமும் கடல்குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நல்ல ஷாட்டுக்காகப் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு.

என் யோசனை ஒன்று. ஆளாளுக்கு ஒரு பொய் லைட் வாங்குவதற்குப் பதில், டைவ் போகிற நாலு பேர் சேர்ந்து ஒரு உண்மையான லைட் வாங்குங்க. ஒரு டைவுக்கு ஒருத்தர் எடுக்கட்டும், மற்றவர்கள் கண்ணால் பார்க்கட்டும். வாங்கிய லைட்டை லேபுக்குக் கொண்டு வாங்க. இருட்டு அறையில் கூரையில் அடித்து, போனின் லக்ஸ் மீட்டர் ஆப்பில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அளவு எடுத்து கிராஃப் போடுங்க. அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் வெளிச்சம் எப்படி இறங்குது, இரண்டு லைட்டில் எது மேல் என்று நிச்சயம் காட்டும். காற்றில் சூடாகும் என்று சொன்னேனே, அதனால் கண்ணாடி மட்டும் வெளியே தெரியும்படி வாளித் தண்ணீரில் நிற்க வைத்து எரிய விடுங்க. அந்த கிராஃபை நம்ம இதழுக்கு அனுப்பி வைங்க. அடுத்து வாங்கப்போகிற ஜூனியருக்குப் பெட்டி மேல் இருக்கும் எண்ணைவிட அது நூறு மடங்கு உதவும்.